முற்றத்துப் புல்லுக்கு யூரியா: மழைக்கு முன் எறியலாமா?

மாங்குளத்தான்:
வீட்டுக்கு முன்னால் அரைப் பரப்புக் காணியில் பபலோ புல் பதித்திருக்கிறேன். கோடையில் மஞ்சளாகிவிட்டது. ஐப்பசி மழைக்கு முன் யூரியா எறிந்தால் மழையே கரைத்து வேருக்கு இறக்கும் என்கிறார் கடைக்காரர். வேலிக்கு வெளியே வாய்க்கால், அது கனகராயன் ஆற்றில் விழுகிறது. பிரச்சினை இல்லைத்தானே?

குளக்கட்டு:
பிரச்சினைதான் தம்பி. அந்த ஆறு போய்ச் சேருவது இரணைமடுக் குளத்தில். யூரியாவில் 46 வீதம் நைதரசன். தூறல் என்றால் கடைக்காரர் சொல்வது சரி. ஐப்பசியில் இங்கே தூறலா பெய்கிறது? ஒரு மணித்தியாலம் கொட்டினால் எறிந்த குருணியில் பாதி வாய்க்காலில் கிடக்கும். அந்தச் சத்தில் பாசி தழைக்கும். அது அழுகும்போது தண்ணீரில் ஒட்சிசன் குறைந்து மீன் மிதக்கும். அதோடு, கோடையில் புல் மஞ்சளானது தண்ணீர் இல்லாமல். மழை விழுந்தால் தானாகப் பச்சை பிடிக்கும்.

வயல்காரன்:
சிரிப்பாக இருக்கிறது அண்ணை. நாங்கள் வயலுக்கு அந்தர் கணக்கில், மூட்டை மூட்டையாக விசிறுகிறோம். அதை விட்டுவிட்டு அரைப் பரப்புப் புல்லைப் பிடித்திருக்கிறீர்கள்!

குளக்கட்டு:
வயலில் குற்றமில்லை என்று யார் சொன்னது? ஆனால் வயலுக்கு வரம்பு இருக்கிறது. பசளை போட்டால் தண்ணீரை மறித்து வைப்பீர்கள். இவர் புல்தரையோ வாய்க்கால் பக்கம் சரிவு, நடுவில் சீமெந்துப் பாதை. பாதையில் சிதறும் குருணியைக் கூட்டி அள்ளாவிட்டால் முதல் மழைக்கே போய்விடும்.

வயல்காரன்:
அப்ப மாட்டெரு போடட்டும். 2021 இல் அரசாங்கம் இரசாயனப் பசளையைத் தடை செய்தபோது புல் செத்தா போனது?

செம்மண்:
புல் சாகவில்லை, நெல் விளைச்சல்தான் விழுந்தது. மாட்டெருவிலும் பாசியைத் தழைக்க வைக்கும் சத்து இருக்கிறது, அது பொசுபரசு. வாய்க்கால் கரையில் குவித்தால் அதுவும் குளத்துக்குத்தான். பொசுபரசு மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், மண் அரிபட்டால் கூடவே போகும். அதனால் வெறும் தரையைவிட அடர்ந்த புல் எவ்வளவோ மேல். வெட்டிய புல்லை அள்ளி எறியாமல் அப்படியே விடுங்கள், அதுவே பசளை. மூன்று அங்குலத்துக்குக் கீழே வெட்டாதீர்கள். வாய்க்காலோரம் மூன்று அடி அகலத்துக்குத் தொடவே வேண்டாம். யூரியா கட்டாயம் என்றால் பெருமழை ஓய்ந்து தை பிறந்ததும் கொஞ்சமாக.

வயல்காரன்:
ஓரத்தில் புல் வளரவிட்டால் பாம்பு வரும். அதற்கு யார் பொறுப்பு?

மாங்குளத்தான்:
பாம்பு இப்பவும் வருகிறதுதான். யூரியாப் பையைத் தைக்கு எடுத்து வைக்கிறேன். அது சரி அண்ணை, உங்கள் வயல் வடிகால் எங்கே விழுகிறது?

வயல்காரன்:
அதை வேறு இழையில் பேசுவோம் தம்பி.