குறிப்பு எடுப்பது நீங்கள்தானே?

மழைக்குருவி:
பர்ன்அவுட், அதாவது வேலை அழுத்தத்தில் அடியோடு களைத்துப்போவது, பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நேராக என்னை லீவில் தள்ளிய மீட்டிங்குக்கு வருகிறேன். டீமுக்கு நான்தான் தலைமை. எங்கள் பிரிவில் வெள்ளையரல்லாத ஒரே மேனேஜரும் நான்தான். புது வாடிக்கையாளர் உள்ளே வந்ததும் என் ஜூனியரிடம், ஒரு வெள்ளைக்காரப் பையன், போய்க் கைகுலுக்கினார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "குறிப்பு எடுப்பது நீங்கள்தானே?" என்றார். பையனுக்கு முகம் சிவந்துவிட்டது. நான் சிரித்தேன். சிரித்ததோடு விட்டேனா? நோட்டைத் திறந்து நிஜமாகவே ஒரு மணி நேரம் குறிப்பு எடுத்தேன். அன்று மாலை காரில் உட்கார்ந்தவளுக்குச் சாவியைத் திருப்பக்கூடக் கை வரவில்லை. அடுத்த வாரம் ஆறு வார மருத்துவ லீவு.

கல்தூண்:
சிரித்ததற்காக ஏன் வருந்துகிறீர்கள்? கோபப்பட்டிருந்தால் "எப்போதும் சிடுசிடுப்பு" என்று பெயர் வாங்கியிருப்பீர்கள். எனக்கு அப்படித்தான் ஆனது. நானும் பக்கத்து டீம் லீடும் ஒரே திட்டத்தை ஒரே மாதிரி எதிர்த்தோம். அவருக்கு "துணிச்சலானவர்", எனக்கு "தொனியைக் கவனிக்கவும்". "உங்கள் இயல்பில் இருங்கள்" என்று சொல்பவர்கள் அதற்கு ஆகும் செலவையும் சொல்லட்டும்.

நடுநிசி:
இருவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் பர்ன்அவுட்டை நோயாக அல்ல, வேலை சார்ந்த நிலையாகத்தான் வகைப்படுத்தியது. தீராத களைப்பு, வேலைமீது வெறுப்பு, எதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்ற எண்ணம், இந்த மூன்றும் அதன் அடையாளங்கள். சரிவரக் கையாளப்படாத வேலை அழுத்தம்தான் காரணம் என்றும் சொல்கிறது. ஆகவே தியானம், மூச்சுப்பயிற்சி என்று உங்களை மட்டும் பழுதுபார்க்காதீர்கள். யாரும் ஏற்காத வேலைகள், புதியவர்களுக்கு வழிகாட்டுவது, பன்முகத்தன்மைக் குழு, பிறந்தநாள் கேக், எல்லாம் யார் தலையில் விழுகின்றன என்று ஒரு மாதம் எழுதி வையுங்கள். அந்தத் தாளோடு மேலதிகாரியிடம் போங்கள். என் கதையா? நான் எழுதி வைத்தேன், கொண்டுபோகவில்லை. வேலையை விட்டுவிட்டேன்.

மழைக்குருவி:
கேட்காத அறிவுரைக்கு நன்றி :) லீவு முடிந்து வந்ததும் டீமிடம் "களைத்துப்போய்த்தான் லீவு எடுத்தேன், இனி ஆறு மணிக்கு மேல் பதில் வராது" என்று சொல்லிவிட்டேன். குரல் நடுங்கியது, ஆனால் சொல்லிவிட்டேன். போன வாரம் அதே வாடிக்கையாளர் வந்தார். நான் வாய் திறப்பதற்குள் பையன் நோட்டைத் தன் பக்கம் இழுத்து, "குறிப்பு நான் எடுக்கிறேன், முடிவு இவங்களோடது" என்றான். அதற்கப்புறம்தான் அந்த ஆள் என் முகத்தைப் பார்த்தார். பையனுக்கு நன்றி சொல்ல வேண்டும்தான். இன்னும் சொல்லவில்லை.