பட்டியலிலிருந்து வீட்டை எடுக்கப் போனவர்கள்

திருகோணமலையில் டைக் வீதிப் பக்கம் எங்கள் அம்மப்பாவின் வீடு இருக்கிறது. முன்னால் மரத்தூண் வைத்த விறாந்தை, ஒரு முழத்துக்கும் மேல் தடித்த முருகைக்கல் சுவர், பின்னால் கிணறு. அந்த வீடு பழைய கட்டடங்களின் பட்டியல் ஒன்றில் ஏறியிருக்கிறது என்பது, சின்ன மாமா விற்க ஆள் பிடித்த பிறகுதான் எங்களுக்கே தெரியவந்தது. வாங்க வந்தவர் மூன்று மாடி விடுதிக்கு வரைபடம் கொடுத்தார். பட்டியலில் உள்ள கட்டடம், இடிக்க அனுமதி இல்லை என்று ஒரே ஒரு வரியோடு அது திரும்பி வந்தது.

அதோடு குடும்பம் இரண்டுபட்டது. "ஒழுகிற வீட்டுக்கு ஓடு மாத்த அவங்கள் காசு தருவாங்களோ?" என்று மாமா. "நான் கண் மூடின பிறகு என்னத்தையும் செய்யுங்கோ" என்று பெரியம்மா. வீட்டு உறுதிப் பத்திரத்தில் பங்குள்ளவர்களில் பாதிப் பேர் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். வட்ஸ்அப்பில் நடந்ததை இங்கே எழுத முடியாது.

சட்டத்தரணியிடம் போனோம். "வர்த்தமானி இலக்கம் என்ன?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, தனியார் காணியில் உள்ள கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் ஆக்குவதென்றால் அமைச்சர் வர்த்தமானியில், அதாவது அரசிதழில், கட்டளை வெளியிட வேண்டும். வந்துவிட்டால் அப்புறம் அனுமதிப்பத்திரம் இல்லாமல் திருத்தவும் முடியாது, கூட்டிக் கட்டவும் முடியாது. எங்கள் வீட்டுக்கு அப்படி ஒரு கட்டளையே இல்லை. எப்போதோ ஓர் ஆய்வுக்காக எடுத்த பட்டியலை வைத்துத்தான் வரைபடத்தை மறுத்திருக்கிறார்கள். வர்த்தமானியில் வந்திருந்தால் எதிர்த்துப் பேச ஓர் இடமாவது இருக்கும். இந்தப் பட்டியல் யாருடையது என்று கேட்டால் இந்த அலுவலகம் அந்த அலுவலகத்தைக் கைகாட்டும், அது திரும்ப இதைக் காட்டும்.

கடைசியில் பார்வையிட ஆள் வந்தார்கள். திருகோணமலையில் டேப்பும் கையுமாக யாராவது பழைய இடத்தை அளந்தால் ஒழுங்கை முழுக்கக் கூடிவிடும். கன்னியா வெந்நீரூற்றில் கோயில் நிலத்தில் விகாரை கட்டுவது பற்றி 2019இல் நடந்த இழுபறியையும், 2020இல் கிழக்கு மாகாணத் தொல்பொருளுக்கென்று அமைத்த ஜனாதிபதி செயலணியையும் பார்த்த சனம் இது. 'தொல்பொருள்' என்று காதில் விழுந்தாலே காணி போகப்போகிறது என்றுதான் நினைக்கும். அதைப் பிழை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வந்த பிள்ளை பாவம், வெயிலில் நின்று அளந்துகொண்டிருந்தாள். சிங்களப் பிள்ளை, தமிழ் கொஞ்சம் தட்டுத்தடுமாறி.

மாமா கூரையில் ஆளை ஏற்றி ஓர் ஓட்டைக் கழற்றிக் கொண்டுவந்தார். பின்பக்கத்தில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ சபையின் மங்களூர் முத்திரை. அந்த மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதே 1865இல். அதற்கு முந்தியதுதான் தொல்பொருள் என்று சட்டம் சொல்லும் எல்லைத் தேதி 1815 மார்ச் 2, கண்டி ஒப்பந்த நாள். "அப்ப வீடு அதுக்குப் பிறகுதானே!" என்று மாமா வழக்கை வென்ற மாதிரி நின்றார். அவள் ஓட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயா, கூரை மாறும். சுவர் மாறாது" என்று சொல்லிக் குசினிப் பக்கம் நடந்தாள். குசினிக்கு இன்னும் அரைவட்டப் பீலி ஓடுதான். சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் கல்லையும் சாந்தையும் விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். அந்தச் சுவரை நாங்கள் யாரும் அதற்கு முன் ஒழுங்காகப் பார்த்ததில்லை. 1998 திருத்தத்துக்குப் பிறகு 1815ஐ மட்டும் பிடித்துக்கொண்டு தொங்க முடியாது என்று சட்டத்தரணியும் பின்னர் சொன்னார்.

இதற்கிடையில் அமெரிக்காவில் இருக்கும் மச்சான் ஒரு தீர்ப்பை அனுப்பினான். ஓரிகன் மாநிலத்தில் லேக் ஓஸ்வேகோ என்ற ஊர். அங்கேயும் ஒரு பழைய வீட்டை உள்ளூர்ப் பட்டியலில் இருந்து நீக்குவது பற்றித்தான் வழக்கு. உரிமையாளர் விரும்பாமல் பட்டியலில் ஏற்றியிருந்தால் நீக்கக் கேட்கலாம் என்று அந்த மாநிலச் சட்டம் சொல்கிறது. ஆனால் ஏற்றிய காலத்து உரிமையாளர்தான் கேட்கலாம், பிறகு கைமாறி வந்தவருக்கு அந்த உரிமை இல்லை என்று 2016இல் மாநில உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. தெரிந்தே வாங்கியவன் பிறகு முறையிடக்கூடாது, சரி.

எங்கள் கதை அப்படி இல்லை. 1990இல் அம்மப்பா வீட்டைப் பூட்டிக்கொண்டு போனார். முதலில் முகாம், பிறகு மதராஸ், அங்கேயே முடிந்துபோனார். பட்டியல் எடுத்தபோது வீட்டில் யாரும் இல்லை. கேட்டிருந்தால் அவர் சம்மதித்திருக்கவும் கூடும், வீட்டில் அவ்வளவு பற்று. நான் வீட்டை இடிக்கச் சொல்லவில்லை. உரிமையாளர் எங்கே என்று தேடாமல் ஏற்றிய பட்டியலை உரிமையாளருக்கு எதிராகக் காட்டக்கூடாது, அவ்வளவுதான். எழுதிக் கொடுத்திருக்கிறேன். வாங்க வந்தவர் இப்போது உப்புவெளியில் வேறு காணி பார்க்கிறாராம்.

*

டைக் வீதித் தம்பி, உங்கள் பெரியம்மாவுக்கு என் வாக்கு. நாங்களும் திருகோணமலைதான், உவர்மலைப் பக்கம். எங்கள் வீட்டில் வீடு பட்டியலில் இருக்கட்டும் என்று நின்றது நான், நீக்கச் சொன்னது அண்ணை. அவர் ஓர் அலுவலகமும் ஏறி இறங்கவில்லை. திருத்த வேலை என்று சொல்லி ஐப்பசியில் கூரையைக் கழற்றினார், திரும்பப் போடவில்லை. இங்கே வாடைக்காற்று மழை எப்படி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மேலே மூடி இருக்கும் வரைக்கும் சுண்ணாம்பும் மண்ணும் கலந்த சுவர் நூறு வருடம் நிற்கும். தலையில் தண்ணீர் இறங்கினால் உள்மண் கரைந்து, வயிறு தள்ளி, ஒரு பக்கமாகச் சாயும். தை பிறக்க முன்னறைச் சுவர் விழுந்துவிட்டது. பார்வையிட வந்தவர் 'கட்டடம் ஆபத்தான நிலையில்' என்று எழுதினார். அடுத்த தடவை பட்டியலில் எங்கள் இலக்கமே இல்லை. எந்த நீதிமன்றமும் போகாமல் அண்ணை வென்றார். இப்போது அந்தக் காணியில் வாகனம் நிறுத்துகிறார்கள்.

உங்கள் மாமா கூரைக்கு ஆள் ஏற்றினார் என்று வாசித்ததும் எனக்கு அதுதான் பயம். கழற்றிய ஓட்டைத் திரும்ப வைத்தாரா?

*

உவர்மலை அக்கா சொன்னது இங்கிலாந்தில் நடந்திருந்தால் அண்ணைக்கு வழக்குத்தான். நான் இங்கே இருப்பது பாதுகாக்க வேண்டிய கட்டடங்களின் இரண்டாம் தரப் (Grade II) பட்டியலில் உள்ள ஒரு வரிசை வீடு. பட்டியலில் உள்ள கட்டடத்தின் தன்மையை மாற்றுகிற வேலையை அனுமதி இல்லாமல் செய்தால் இங்கே அது குற்றவியல் குற்றம். நீக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம்தான். ஆனால் வீடு பழுதாகிவிட்டது, பராமரிக்கக் காசில்லை என்பதெல்லாம் காரணமே அல்ல. கட்டடத்துக்கு இருந்த தனிச் சிறப்பு இல்லாமல் போய்விட்டது, அல்லது ஏற்றியபோதே பிழை நடந்தது என்று காட்ட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் மாற்றுவதற்காக நீக்கக் கேட்டு முயன்று பார்த்து, பிறகு கைவிட்டுவிட்டார்.

டைக் வீதித் தம்பிக்கு ஒன்று. கூரை, சுவர், குசினி எல்லாவற்றையும் தேதி விழுகிற மாதிரிப் படம் எடுத்து வையுங்கள். எந்தப் பக்கம் வாதாடினாலும் உதவும். காணிப் பதிவகத்தில் பழைய உறுதிகளைத் தேடினீர்களா? எங்கள் மாமனார் குடும்பத்துக்கு, வீட்டின் வயது பழைய உறுதியில் எழுதியிருந்த எல்லை விபரத்தில்தான் அகப்பட்டது.