பத்து வருடமாகக் கான் துப்பரவாக்கச் சொல்லிக் கேட்டோம்: திருகோணமலையில் சபைக் கந்தோர் அனுபவங்கள்

உள் ஒழுங்கையிலிருந்து

சபைக் கந்தோரோடு, அதாவது உள்ளூராட்சிச் சபை அலுவலகத்தோடு, உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள் என்று கேட்டது நான். அதனால் என்னுடையதை முதலில் எழுதிவிடுகிறேன். எந்தச் சபை என்று பெயர் சொல்லவில்லை. அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் இப்போது வேறு வேறு இடங்களில் வேலை செய்கிறார்கள். அவர்களைச் சங்கடப்படுத்த எனக்கு விருப்பமில்லை.

எங்களுடையது பிரதான வீதியிலிருந்து உள்ளே போகிற ஒழுங்கை. பதினேழு வீடு, இடது கைப் பக்கமாக மழைத் தண்ணீர் ஓடுகிற ஒரு கான். மாரி பிடித்தால் எங்கள் படலையடியிலும் பக்கத்து மூன்று வீட்டடியிலும் தண்ணீர் நின்றுவிடும். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் கரையைக் கடந்த இரவு வீட்டுப் படி வரை ஏறியது. அது புயல், அதற்கு யாரையும் நோக முடியாது. ஆனால் ஒரு மணித்தியாலம் பெய்கிற சாதாரண மழைக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்க மனம் பொறுக்காது.

நான் கந்தோர்ப் படி ஏறியது அம்மா விழுந்த பிறகுதான். கானின் மேல் போட்டிருந்த சிலாப்பு ஒன்று உடைந்து கிடந்தது தண்ணீருக்குள் தெரியவில்லை. கோவிலுக்குப் போக வெளிக்கிட்டவ, வலது கால் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. எலும்பு வெடிப்பு, கட்டுப் போட்டு ஆறு கிழமை கட்டிலில்.

முதல் தரம் போனபோது எழுத்தில் கொண்டு வரச் சொன்னார்கள். இரண்டாம் தரம் கடிதம் கொடுத்தேன். மூன்றாம் தரம் போனபோது அந்தக் கடிதம் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த நாள் எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதத் தேவையில்லை, போனவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். நான்காம் தரம்தான் உள்மேசையில் இருந்த ஒரு அக்கா என்னை இருக்கச் சொல்லிக் கதைத்தா. "தங்கச்சி, எப்பவும் இரண்டு பிரதி கொண்டு வாங்கோ. ஒன்றை எங்களிட்டத் தாங்கோ. மற்றதில திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு போங்கோ. முத்திரை விழுந்தால் அது பதிவேட்டில ஏறும், ஏறினால் அதுக்குக் கோப்பு இருக்கும்." இவ்வளவுதான். இதை ஏன் முதல் நாளே ஒருவரும் சொல்லவில்லை என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

முத்திரை விழுந்து மூன்றாம் கிழமை தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்தார். கூட வயதான ஒரு தொழிலாளி ஐயா. அவருடைய தோளில் ஒளி ஊடுருவுகிற பிளாஸ்டிக் குழாய் ஒரு சுருள், உள்ளே தண்ணீர். மேசன்மார் மட்டம் பார்க்கப் பாவிக்கிற அதே குழாய். ஒரு நுனியை எங்கள் படலையடியில், கானின் அடித்தளத்தில் ஊன்றிய தடியோடு சேர்த்துப் பிடிக்கும்படி என்னிடம் தந்தார். மற்ற நுனியோடு அவர் மெல்ல மெல்லப் பிரதான வீதிப் பக்கம் நடந்தார். குழாய்க்குள் தண்ணீர் ஏறி இறங்கி, ஆடி, கடைசியில் நின்றது. இரண்டு பக்கமும் அடையாளம் வைத்து அளந்தார்கள். தண்ணீர் வெளியே போக வேண்டிய வீதிப் பக்கம், எங்கள் படலையடியைவிட இரண்டு அங்குலம் உயரம்.

அந்த ஐயா நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சொன்னார், "பிள்ளை, இது கான் இல்லை. இது தொட்டி."

நான் அப்படியே நின்றுவிட்டேன். நாங்கள் பத்து வருடமாக என்ன கேட்டோம்? கான் அடைத்துக் கிடக்கிறது, துப்பரவாக்கித் தாருங்கள் என்று கேட்டோம். அவர்களும் ஒவ்வொரு புரட்டாசியிலும் ஆட்களை அனுப்பி மண்ணை அள்ளிப் போட்டார்கள். கேட்டதைச் செய்தார்கள். தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று நாங்களும் பார்க்கவில்லை, அவர்களும் பார்க்கவில்லை.

உடைந்த சிலாப்பு ஒன்பது நாளில் மாறியது. அதற்கு மதிப்பீடும் தேவையில்லை, அனுமதியும் தேவையில்லை. சாய்வைத் திருத்துகிற வேலை அந்த வருட ஒதுக்கீட்டில் இல்லை, அடுத்த வருடம் பார்ப்போம் என்றார்கள். அடுத்த வருடத்துக்கும் அடுத்த வருடம் ஆவணி மாதத்தில், எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கே வேலையைக் கொடுத்து, அறுபது மீற்றரையும் உடைத்துக் கொங்கிறீற் போட்டு முடித்தார்கள்.

இடையில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு வீட்டுக்காரர் வாகனம் ஏற்றுவதற்காகக் கானுக்குக் குறுக்கே கொங்கிறீற் போட்டு, அடியில் நாலு அங்குலக் குழாய் மட்டும் வைத்திருந்தார். அதை உடைக்காமல் சாய்வு எடுக்க முடியாது. அவருக்குச் சபையிலிருந்து அறிவித்தல் போனது. நான்தான் எழுதிக் கொடுத்தேன் என்று நினைத்து எங்களோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். சின்ன வயதிலிருந்து மாமா என்று கூப்பிட்ட மனிதர். கடிதத்தில் அவருடைய வீட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை, பிரதியைக் காட்டவும் போனேன். வாங்கிப் பார்க்கவில்லை.

உவர்மலையிலிருந்து

அக்கா எழுதியது போல எனக்கும் ஒன்று, ஆனால் சின்ன விஷயம். எங்கள் முடக்கில் தெருவிளக்கு எரியவில்லை. ரியூசன் முடிந்து பெண்பிள்ளைகள் இருட்டில் வருகிற இடம். அது நடந்தது 2023இல். அந்த வருடம் மார்ச் 19ஆம் திகதியோடு நாட்டின் ஏறக்குறைய எல்லா உள்ளூராட்சிச் சபைகளின் காலமும் முடிந்துவிட்டது. மார்ச் 9ஆம் திகதி வைப்பதாக இருந்த தேர்தலையும் காசில்லை என்று தள்ளிவிட்டார்கள். கடைசியில் 2025 மே 6ஆம் திகதிதான் வாக்களித்தோம். இடைப்பட்ட இரண்டு வருடத்துக்கு மேல் எங்கள் வட்டாரத்துக்கு உறுப்பினர் என்று ஒருவர் இல்லை. முன்பு என்றால் உறுப்பினரின் வீட்டுக்குப் போய்ச் சொன்னால் அவர் ஒரு தொலைபேசி அழைப்பில் ஆளை அனுப்புவார். உறுப்பினர் இல்லாத அந்தக் காலத்தில் எல்லாம் சபைச் செயலாளர் தலையில். யாரிடம் போய்ச் சொல்வது என்றே தெரியாமல் இரண்டு மாதம் ஓடியது.

கடைசியில் உதவியது தூணில் எழுதியிருக்கிற இலக்கம். மின்சார சபை ஒவ்வொரு தூணுக்கும் இலக்கம் போட்டிருக்கும். "எங்கள் முடக்கில் லைற் எரியவில்லை" என்று எழுதினால் எந்த முடக்கு என்று தேடவே ஒருவர் வர வேண்டும். தூண் இலக்கத்தை எழுதிக் கொடுத்த நாலாம் நாள் ஏணியோடு வந்தார்கள்.

நகரத்திலிருந்து, ஓய்வுபெற்ற ஒருவர்

தங்கச்சியின் அனுபவத்தை வாசித்தேன். கிழக்கு மாகாணத்தில் மூன்று சபைகளில் எழுதுவினைஞராக வேலை செய்தவன் நான். மேசையின் மறுபக்கத்திலிருந்து சில விஷயம் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதலாவது, ஆட்கள் தவறான கந்தோருக்கு வருவது. எங்கள் ஊரில் இது கூடுதலாக நடக்கும். பட்டினமும் சூழலும் என்ற பெயரில் பிரதேச செயலகமும் இருக்கிறது, பிரதேச சபையும் இருக்கிறது. ஒன்று மத்திய அரசின் நிர்வாகம், மற்றது வாக்குப் போட்டுத் தெரிவு செய்கிற சபை. கானுக்காக ஒருவர் செயலகத்தில் அரை நாள் காத்திருந்துவிட்டு, பிறகு எங்களிடம் களைத்து வருவார். நகரத்துக்குள் இருப்பவருக்கு இந்தப் பிரதேச சபையும் இல்லை, வேறு சபை.

வீதியும் அப்படித்தான். கண்டி வீதி ஏ6, அநுராதபுர வீதி ஏ12, மட்டக்களப்பு வீதி ஏ15. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குச் சொந்தம். சீ, டி தரம் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம். மிச்சமிருக்கிற ஒழுங்கைகள்தான் சபை. ஒழுங்கைக் கானின் தண்ணீர் பிரதான வீதிக் கானில் போய் விழ வேண்டும் என்றால் அங்கே கை வைக்க மற்ற நிறுவனத்தின் எழுத்துச் சம்மதம் வேண்டும். தெருவிளக்கிலும் தூண் மின்சாரம் வழங்குகிற நிறுவனத்துடையது, விளக்கு உள்ளூராட்சிச் சபையுடையது. குடிநீர்க் குழாய் வெடித்து வீதியில் தண்ணீர் ஓடினால் அது நீர் வழங்கல் சபை. பொதுமக்கள் இதையெல்லாம் பாடமாக்கி வைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வந்த கடிதத்தை உரிய இடத்துக்கு அனுப்பி, அனுப்பினோம் என்று எழுதியவருக்கும் ஒரு வரி அறிவிப்பது எங்கள் கடமை. பல நேரம் அதை நாங்கள் செய்யவில்லை. அது எங்கள் பிழைதான், அதற்கு நான் இப்போது வருந்துகிறேன்.

அடுத்தது காலம். இது முக்கியம். அடுத்த வருட வரவுசெலவுத் திட்டத்தைச் சபை டிசம்பர் முடிவதற்குள் நிறைவேற்றியாக வேண்டும். அதற்கான வேலைப்பட்டியல் புரட்டாசி, ஐப்பசியிலேயே மேசைக்கு வந்துவிடும். மழை தொடங்கித் தண்ணீர் ஏறிய பிறகு, கார்த்திகையில்தான் எல்லோரும் கடிதத்தோடு வருவார்கள். அப்போது பட்டியல் மூடியாகிவிட்டது. மாசியில் வந்தால் அந்த வருடக் காசுக்கு ஏற்கெனவே பெயர் எழுதியாகிவிட்டது. ஆடியில் காய்ந்து கிடக்கிற கானைப் பற்றிக் கடிதம் கொண்டு வந்தவர்கள் என் முப்பது வருடச் சேவையில் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். அவர்களுடைய வேலைகள்தான் பட்டியலில் முன்னுக்கு நின்றன.

காசைப் பற்றியும் ஒன்று. சபையின் சொந்த வருமானம் வீடு, கட்டடங்களுக்குக் கட்டுகிற சோலைவரி, சந்தைக் கடை வாடகை, வியாபார அனுமதிக் கட்டணம் போன்றவை. மாகாணத்திலிருந்து முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும் வரும். முழு வருடச் சோலைவரியை ஜனவரி 31க்கு முதல் கட்டினால் நூற்றுக்குப் பத்துக் கழிவு உண்டு. அந்த மாதம் வரிசையில் நிற்கிற முகங்கள் எனக்கு மனப்பாடம், பெரும்பாலும் ஓய்வூதியக்காரர்கள். பெரிய கட்டடக்காரரின் நிலுவை வருடக்கணக்கில் கிடக்கும். இதைப் பார்த்துப் பார்த்து மனம் வெறுத்திருக்கிறேன்.

பதில் வரவே இல்லை என்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. என் கடிதத்தின் மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று தகவல் அலுவலரிடம் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானித்துச் சொல்ல வேண்டும். சண்டைக்குப் போவது போல எழுதாதீர்கள், கடித இலக்கமும் திகதியும் போதும்.

கோட்டைக்குக் கிட்ட இருந்து

எங்கள் பக்கத்தில் பிரச்சினை மான். வெளியூர்க்காரருக்கு இது அதிசயமாக இருக்கும், கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் இரவில் தெருவுக்குள் வரும். குப்பை எடுக்கிற உழவு இயந்திரம் விடியக் காலமை வரும் என்று நாங்கள் முதல் நாள் இரவே பைகளை வெளியே வைத்துவிடுவோம். ஒரு நாள் இரவு யன்னலால் பார்க்கிறேன், ஒரு பெண்மான், பக்கத்தில் குட்டி. தாயின் வாயிலிருந்து சொப்பிங் பை ஒன்று ஒரு முழம் தொங்குகிறது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. தலையை ஆட்டி ஆட்டி நிற்கிறது. நான் கதவைத் திறந்தால் ஓடிவிடும், ஓடினால் பையோடுதான் ஓடும். அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன், அது மெல்ல மெல்ல உள்ளே போய்விட்டது. அந்த இரவு நித்திரை இல்லை.

மாதர் சங்கத்துப் பெண்கள் எட்டுப் பேர் சேர்ந்து சபைக்குப் போனோம். எங்களுக்குக் காசு ஒன்றும் வேண்டாம், வண்டி வருகிற நேரத்தை மட்டும் மாற்றித் தாருங்கள், காலை எட்டு மணிக்கு வந்தால் நாங்களே கையில் கொண்டு வந்து தருகிறோம் என்று கேட்டோம். மேற்பார்வையாளர் ஒரு கொப்பியை எடுத்து, எந்தெந்தத் தெரு, எத்தனை வீடு என்று எங்களிடமே கேட்டு எழுதினார். இரண்டாம் கிழமையே நேரம் மாறியது. எட்டு மணிக்கு வேலைக்குப் போகிறவர்களின் பையை யார் கொடுப்பது என்று இப்போது எங்களுக்குள் ஒரு ஒழுங்கு இருக்கிறது. எல்லாத் தெருவும் மாறவில்லை. அடுத்த தெருவில் இன்னும் இரவில்தான் வைக்கிறார்கள், மானும் அங்கே போகிறது. அவர்களோடும் கதைத்துக்கொண்டிருக்கிறோம்.

பாலையூற்றிலிருந்து

ஐயா சொன்ன ஆடி மாதக் கதைக்கு நன்றி. எங்கள் மதகு உடைந்து மூன்று மாரி போய்விட்டது. நாங்களும் கார்த்திகையில்தான் போய் நிற்கிறோம். கடிதத்தோடு படமும் வைக்கலாமா?

நகரத்திலிருந்து, ஓய்வுபெற்ற ஒருவர்

வையுங்கள் தம்பி. மழைக்குள் எடுத்த படம் ஒன்று, காய்ந்திருக்கும்போது அதே இடத்தில் நின்று எடுத்த படம் ஒன்று. பின்பக்கத்தில் திகதியும், கிட்ட இருக்கிற வீட்டின் சோலைவரி இலக்கமும் எழுதுங்கள். அந்த இலக்கம் இருந்தால் இடத்தை ஒருவரும் மாற்றிச் சொல்ல முடியாது.

உள் ஒழுங்கையிலிருந்து

ஐயா, நீங்கள் வருந்துவதாக எழுதிய இடத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, திரும்பவும் ஒரு தரம் வாசிக்கச் சொன்னா.

கானின் இப்போதைய நிலையை இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். போன மாரிக்கு எங்கள் படலையடியில் தண்ணீர் நிற்கவில்லை. பெரிய மழை பெய்த ஒரு பின்னேரம் குடையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன், காய்ந்த வேப்பிலை ஒன்று எங்கள் வாசலிலிருந்து நேரே வீதிப் பக்கம் மிதந்து போனது. அதைப் பின்தொடர்ந்து கடைசி வரை நடந்தேன். குறுக்குக் கொங்கிறீற் உடைக்கப்பட்ட மாமாவின் வீட்டுக்கு முன்னால் மட்டும் இன்னும் சிலாப்பு போடவில்லை, இரண்டு பலகையை வைத்துத்தான் மோட்டார் சைக்கிளை ஏற்றுகிறார். உடைத்தது சபை, மூடித் தர வேண்டியதும் சபைதான். அவர் கேட்கப் போகமாட்டார். ஆடி வரை பார்த்துக்கொண்டிருக்காமல் போன கிழமையே இரண்டு பிரதி எழுதிக்கொண்டு போனேன். என்னுடையதில் முத்திரை இருக்கிறது.