கதவு உட்பலகை: ஏபிஎஸ்ஸை விட்டு டால்க் கலந்த பிபிக்கு மாறலாமா?

கேள்வி – மோல்டிங்காரன், அம்பத்தூர்

வணக்கம். கார்க் கதவின் உட்புறத்தில் வரும் 600 மி.மீ. நீளக் கீழ்ப்பலகையையும், ஜன்னல் சுவிட்சைச் சுற்றி வரும் குரோம் பூசிய சட்டத்தையும் இப்போது ஏபிஎஸ் (ABS) பிளாஸ்டிக்கில் வார்த்துத் தருகிறோம். விலையைக் குறைப்பதற்காக இரண்டையும் 20 சதவீத டால்க் (ஒருவகைக் கனிமத் தூள்) கலந்த பாலிபுரோப்பிலீன் (பிபி) பிளாஸ்டிக்குக்கு மாற்றச் சொல்கிறார் வாடிக்கையாளர். இருக்கும் மோல்டிலேயே (வார்ப்பச்சிலேயே) பொருளை மட்டும் மாற்றி ஓட்ட முடியுமா?

பதில் – டூல்ரூம்

முடியாது ஐயா. வார்த்து ஆறும்போது ஏபிஎஸ் ஏறத்தாழ அரை சதவீதம் சுருங்கும். நீங்கள் சொல்லும் பிபி ஒரு சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ சுருங்கும். 600 மி.மீ. பலகையில் இந்த வித்தியாசமே 3 மி.மீ. ஆகிவிடுவதால், ஒரு முனையில் கிளிப்பை மாட்டினால் மறுமுனைக் கிளிப் கதவுத் தகட்டின் துளைக்கு நேரே நிற்காது. பின்புறத்தில் பலத்துக்காக வைக்கும் ரிப்புக்கு (விலா வரம்புக்கு) நேர் எதிரே முகப்பில் சிங்க் மார்க்கும் (சுருங்கி விழும் பள்ளமும்) கூடுதலாகத் தெரியும். பலகைக்குப் புது மோல்டுதான் வழி; அந்தச் செலவையும் வாடிக்கையாளர் கணக்கில் சேர்க்கட்டும்.

பதில் – கிரேடு வாத்தியார்

சட்டத்தை ஏபிஎஸ்ஸிலேயே விட்டுவிடுங்கள். அமிலம் ஏபிஎஸ்ஸின் மேற்பரப்பிலுள்ள பியூட்டாடையீன் துகள்களை அரித்து உண்டாக்கும் நுண்குழிகளில்தான் குரோம் பூச்சு பிடித்து நிற்கிறது. சாதாரண பிபியில் அந்தப் பிடிப்புக் கிடைக்காது. கீழ்ப்பலகைக்கோ பிபிதான் பொருத்தம்: ஹாப்பரில் (மெஷினுக்கு மூலப்பொருள் கொட்டும் தொட்டியில்) 80 டிகிரியில் மணிக்கணக்காக உலர்த்த வேண்டியதில்லை, கையிலிருந்து ஒட்டும் தலையெண்ணெயும் சன்ஸ்கிரீனும் அதை எளிதில் வெடிக்க வைப்பதில்லை. ஆனால் டால்க் சேர்ந்ததும் அடர்த்தி 1.04 அளவுக்கு ஏறி ஏபிஎஸ்ஸுக்குச் சமமாகிவிடும் என்பதால், எடை குறையும் என்று விலைப்புள்ளியில் எழுதிவிடாதீர்கள். கறுப்பு மாதிரித் துண்டை நகத்தால் கீறிப் பாருங்கள். வெள்ளைக் கோடு விழுந்தால் கீறல் தாங்கும் கிரேடு கேளுங்கள்.

பதில் – சோதனைக்கூடம்

வெப்பத்தைப் பற்றி ஒன்று. பிபி தரவுத்தாளில் சுமையின் கீழ் வளையும் வெப்பநிலை 110, 120 டிகிரி என்று போட்டிருப்பது பெரும்பாலும் 0.45 மெகாபாஸ்கல் சுமையில் அளந்தது; ஏபிஎஸ்ஸுக்கு வழக்கமாக 1.8-இல் அளந்ததைத் தருவார்கள். இரண்டையும் ஒரே சுமையில் கேட்டு வாங்காமல் ஒப்பிட்டுப் பயனில்லை. பொருள் மாறினால் ஐஎஸ் 15061 என்ற இந்தியத் தரநிலையின்படி தீப்பரவல் சோதனையையும் மறுபடி செய்ய வேண்டும். அமெரிக்காவுக்குப் போகும் வண்டியென்றால் அந்நாட்டு வாகனப் பாதுகாப்புத் தரமான எஃப்எம்விஎஸ்எஸ் 302 விதி, தீ பரவும் வேகத்தை நிமிடத்துக்கு 102 மி.மீ. வரைதான் அனுமதிக்கிறது. அரைத்த கழிவைக் கலந்து ஓட்டுவதாக இருந்தால், அதே கலவையில் வார்த்த துண்டையே சோதனைக்கு அனுப்புங்கள்.