பிளக் சூடாகிப் பழுப்பேறுகிறது, எம்.சி.பி. ஏன் டிரிப் ஆகவில்லை?

கேள்வி
வணக்கம். அம்மா படுக்கிற அறையில் 2000 வாட் ஹீட்டர் ஒன்று எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஓடுகிறது. கொஞ்ச நேரம் ஓடினாலே பிளக் கை வைக்க முடியாத சூடு. நேற்று உருவிப் பார்த்தால் ஒரு பின்னைச் சுற்றிப் பழுப்பேறியிருக்கிறது, பக்கத்தில் போனால் மீன் வாடை மாதிரி ஒரு நாற்றம். ஆனால் 16 ஆம்பியர் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒருமுறைகூட டிரிப் ஆகவில்லை. அது விழாத வரைக்கும் பயமில்லை என்கிறார்கள் வீட்டில், சரிதானா? அப்புறம் அறைக்கு வெளியே உள்ள புகை அலாரம் விடியற்காலையில் மட்டும் கீச் கீச் என்கிறது, பகலில் சத்தமே இல்லை. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறதா?

பதில் 1
ஹீட்டரை நிறுத்திவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

எம்.சி.பி. பார்ப்பது எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்பதை மட்டும்தான். 230 வோல்ட்டில் 2000 வாட் என்றால் 9 ஆம்பியருக்குள், 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது சாதாரண லோடு. உங்கள் பிரச்சினை கரண்ட் அதிகமானது இல்லை, லூஸ் காண்டாக்ட். பின்னும் சாக்கெட்டும் தொடும் இடத்தில் 0.2 ஓம் தடை வந்துவிட்டாலே அந்த ஒரு புள்ளியில் 15 வாட் சூடு உண்டாகும், அதாவது ஒரு சின்ன சால்டரிங் அயர்னைப் பிளக்குக்குள் விட்டு வைத்த கதை. அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் பித்தளைப் பட்டை இறுக்கம் இழக்கிறது, பரப்பில் ஆக்ஸைடு படிகிறது, தடை ஏறுகிறது, சூடு இன்னும் கூடுகிறது. மீன் வாடை என்றீர்களே, பிளாஸ்டிக் வெந்துகொண்டிருப்பதன் அடையாளம் அது.

ஆர்.சி.சி.பி. இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். அது தேடுவது மின்கசிவை. இங்கே கசிவே இல்லை, அதனால் அதுவும் சும்மாதான் இருக்கும்.

பதில் 2
உப்புத்தாளால் பின்னைத் தேய்த்துவிட்டுப் போடுங்கள் சகோ, நான் அப்படித்தான் ஓட்டுகிறேன். ஒன்றும் ஆகவில்லை.

பதில் 1
தேய்த்தால் பின் பளபளக்கும், சாக்கெட்டுக்குள் தளர்ந்துபோன பட்டை எப்படி இறுகும்? பூச்சு போனதுதான் மிச்சம். பழுப்பேறிய பிளக், அது செருகியிருந்த பாக்ஸ் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுத்துவிடும். ஹீட்டரை எக்ஸ்டென்ஷனில் போடவே போடாதீர்கள், சுவர் சாக்கெட்டில் நேராகச் செருகுங்கள். அங்கேயும் சூடானால் சாக்கெட்டுக்குப் பின்னால் உள்ள ஸ்க்ரூ தளர்ந்திருக்கலாம், மெயினை ஆஃப் செய்து எலக்ட்ரீஷியன் பார்க்க வேண்டிய வேலை அது.

பதில் 3
அலாரத்துக்கு வருகிறேன். ஹீட்டருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அரை நிமிடம், ஒரு நிமிடத்துக்கு ஒரு கீச் என்றால் பேட்டரி தீர்கிறது என்று பொருள். குளிர்ந்தால் பேட்டரியின் வோல்டேஜ் இறங்கும், விடியற்காலைதான் வீடு நன்றாகக் குளிர்ந்திருக்கும், அந்த நேரத்தில் கத்துகிறது. வெயில் ஏறினதும் வோல்டேஜ் கொஞ்சம் மீண்டு சத்தம் அடங்கிவிடும். சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

பேட்டரி மாற்றியும் கத்தினால் கழற்றிப் பின்புறம் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். 10 வருடம் தாண்டியிருந்தால் அலாரத்தையே மாற்றுங்கள், உள்ளே இருக்கும் சென்சாருக்கு ஆயுள் அவ்வளவுதான். மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள், அதுவும் அம்மா அறைக் கதவைச் சாத்திவிட்டு, உள்ளே இருந்து அவருக்குக் கேட்கிறதா என்று. இதைத்தான் பெரும்பாலானவர்கள் பார்ப்பதே இல்லை. தூங்கும்போது புகை வாசனை நம்மை எழுப்பாது, சத்தம்தான் எழுப்ப வேண்டும். கேட்கவில்லை என்றால் அறைக்குள்ளேயே கூரையில் இன்னொன்று மாட்டி, ஒன்று அடித்தால் எல்லாம் அடிக்கும்படி இணைத்துவிடுங்கள்.

பதில் 4
ஹீட்டருக்கும் போர்வை, திரைச்சீலைக்கும் நடுவில் ஒரு மீட்டராவது இருக்கிறதா? தூங்கப் போகும்போது அணைத்துவிடுங்கள். கதவைச் சாத்திப் படுப்பது நல்லதுதான், தீ வெளியே பிடித்தால் புகை உள்ளே வர நேரமாகும். ஆனால் அம்மா எந்த வழியாக வெளியே வருவார், அந்த வழி அடைபட்டால் ஜன்னல் திறக்குமா, கம்பி இருந்தால் சாவி எங்கே, அவரைக் கூட்டிவரப் போவது யார் என்பதை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்
நன்றி, எல்லோருக்கும். ஹீட்டரை நிறுத்திவிட்டேன். அலாரத்தின் பின்புறத் தேதி 11 வருடம் பழையது, புதிதாகவே வாங்கிவிடுகிறேன். பாக்ஸைத் திறந்து பார்த்தோம், ஒரு துளைக்குள் பட்டை கறுத்துக் கிடக்கிறது. மற்ற துளைகள் நன்றாகத்தான் இருக்கின்றன, செல்போன் சார்ஜருக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று தம்பி கேட்கிறான்.

பதில் 1
வேண்டாம். எல்லாத் துளைக்கும் உள்ளே ஓடுவது ஒரே பட்டைதான். இன்று சார்ஜர் போடுவீர்கள், அடுத்த குளிருக்கு வேறு யாராவது ஹீட்டரைச் செருகுவார்கள். பிளக்கை உருவிவிட்டு வயரைக் குட்டையாக வெட்டித் தூக்கிப் போடுங்கள், குப்பையிலிருந்து யாரும் எடுத்துப் பயன்படுத்த முடியாதபடி.