மீ போக்கைப் பச்சைத் தண்ணியில் முக்கணுமா, வேண்டாமா?

தேக்கா வாசி

சிங்கப்பூரில் அதே பழைய கடை, பழைய பெயர்ப்பலகை. அங்கிள் மட்டும் இல்லை, அவர் இடத்தில் ஒரு சின்னப் பையன். மீ போக் (தட்டையான மஞ்சள் நூடுல்ஸ்), தா (சூப் கலக்காம உலர்ந்தது), காரத்தோடு. சுருளைப் பிரித்து மாவை உதறினான், கம்பிக்கூடையில் போட்டான், கொதிதண்ணியில் அரை நிமிஷம் ஆட்டினான், தூக்கி நேரா கிண்ணத்தில் கவிழ்த்தான். பக்கத்தில் பச்சைத் தண்ணி வாளி நிறைஞ்சு நிக்குது. அதைத் திரும்பியும் பார்க்கலை. அந்த வாளிதான் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது.

அங்கிள் கை எப்படிப் போகும்னு பார்த்தவங்களுக்குத் தெரியும். கொதிதண்ணியில் 20 விநாடி, வாளியில் 3 விநாடி, திரும்பக் கொதியில் 5 விநாடி, அப்புறம் மணிக்கட்டு சுளுக்கிக்கிற மாதிரி நாலு உதறு. முதல் கொதியில் மீ வேகுது. வாளியில் மேலே ஒட்டின மாவுப் பசை கழுவிப் போகுது, கூடவே அந்தக் காரநெடியும். அப்பளத்துக்கு அப்பளக்காரம் மாதிரி மஞ்சள் மீக்கும் ஒரு காரம் உண்டு. வேகிற சூடும் அங்கேயே நின்னுடும். கடைசி 5 விநாடி சூடேத்த மட்டும்தான், ஏன்னா ஆறின மீயில் கொழுப்பும் மிளகாயும் பிடிக்காது, கிண்ணத்து அடியில் தங்கிடும்.

பையன் தந்தது மூணாவது வாயிலேயே ஒரே கட்டி. குச்சியில் தூக்கினா மொத்தமும் அடை மாதிரி எழும்பி வந்தது. பசையும் போகலை, வேகிறதும் நிக்கலை.

கறுப்பு வினிகர்

வாளியையே சொல்லிக்கிட்டிருக்கீங்க, அண்டாவைப் பார்த்தீங்களா? ஒவ்வொரு சுருளிலும் ஒட்டின மாவு எங்கே போகும்? எல்லாம் அண்டாவுக்குள்ளதான். காலையில் தெளிவா இருக்கிற தண்ணி மதியம் ஒரு மணிக்குக் கஞ்சி. கஞ்சியில் வெந்த மீயை எத்தனை வாளியில் முக்கினாலும் பிசுபிசுப்பு போகாது. நல்ல கடையில் அண்டா மேல ஒரு குழாய் சொட்டிக்கிட்டே இருக்கும், நுரையும் மாவும் விளிம்பு வழியா வழிஞ்சு ஓடும்.

தோ பாயோவில் ஒரு மத்தியானம் வரிசையில் எட்டு பேர். கடைக்காரம்மா கரண்டியால் தண்ணியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாங்க, அடுப்பை அணைச்சாங்க, அண்டா மொத்தத்தையும் கவிழ்த்தாங்க. திரும்பக் கொதிக்கப் பன்னிரண்டு நிமிஷம். மூணு பேர் முணுமுணுத்துக்கிட்டே போயிட்டாங்க, அவங்க நிமிர்ந்துகூடப் பார்க்கலை.

இன்னொண்ணு. கட்டி விழ மீ மட்டும் காரணம் இல்லை, கிண்ணமும்தான். சாஸ் முதல்ல, மீ அப்புறம். வீட்டில் ஒரு ஆளுக்கு அளவு: 100 கிராம் பச்சை மீ, ஒரு மேசைக்கரண்டி கறுப்பு வினிகர், ஒரு தேக்கரண்டி மீன் சாஸ், ஒரு தேக்கரண்டி சோயா, ஒரு மேசைக்கரண்டி பன்றிக்கொழுப்பு, காரத்துக்கு ஒரு மேசைக்கரண்டி சம்பால், இளக்கிக்க இரண்டு கரண்டி சூப். சூப்பை மறந்தா அடை. சூப் கூடினா 'தா'ன்னு சொல்றதுக்கே அர்த்தமில்லை. 'மாய் ஹியாம்' (காரம் வேண்டாம்) சொன்னா சம்பாலுக்குப் பதில் தக்காளி சாஸ் வரும், அதைப் பத்தி இங்கே சண்டை வேண்டாம்.

முள்ளுவாளை

இங்கே எல்லாரும் மீயிலேயே நிக்கிறீங்க. தியோச்சியூ (தென்சீனாவின் சௌசோ பக்கத்து மக்கள்) கடையோட தரம் மீன் உருண்டையில். விடியற்காலை ஐந்து மணி, ஈரச்சந்தை ஓரக் கடை. ஈக்கான் பாராங், அதாவது நம்ம முள்ளுவாளை. முள் அதிகம்னு வீட்டில் யாரும் தொடாத மீன். நடு எலும்பை ஒட்டிக் கீறி, தோலோடு பரப்பி, கரண்டி விளிம்பால் வால் பக்கத்திலிருந்து வழிச்சாங்க. முள் தோலோடு நின்னுடுச்சு, சதை மட்டும் வந்தது.

ஒரு கிலோ சதைக்கு உப்பு 20 கிராம், ஐஸ் தண்ணி 200 முதல் 250 மில்லி. மாவு இல்லை. உப்புதான் சதையிலிருக்கிற புரதத்தைக் கரைச்சுப் பசையாக்குது, அதனால உப்பு முதல்ல, தண்ணி அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா. ஒரே திசையில் பிசைஞ்சு, அள்ளி, சட்டியில் அடிக்கணும். 'சப்'புன்னு கேட்கிற சத்தம் மெல்ல 'டப்'புன்னு மாறும். அங்கேதான் நிறுத்தணும். சதை 10 டிகிரியைத் தாண்டிச் சூடானா அடிச்சதெல்லாம் வீண். அதுக்குத்தான் ஐஸ்.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிதுக்கி, கரண்டியால் வழிச்சு, நேரா உப்புத்தண்ணியில் போட்டாங்க. அன்னிக்கு உதவிக்கு இருந்தவர் சீக்கிரம் முடிக்கலாம்னு அந்தப் பாத்திரத்தைச் சின்னத் தீயில் வச்சுட்டார். கெட்டது அங்கேதான். 40 டிகிரியில் அரை மணி நின்னா உருண்டை இறுகும். 60 டிகிரிப் பக்கம் ரொம்ப நேரம் கிடந்தா, சதையிலேயே இருக்கிற நொதி அந்த இறுக்கத்தைத் தின்னுடும். அந்த இடத்தை வேகமா தாண்டி 85, 90க்குப் போயிடணும், தளதளன்னு கொதிக்கவும் கூடாது. ஒரு சட்டி உருண்டையும் இட்லி மாதிரி உதிர்ந்தது. முதலாளி ஒண்ணை எடுத்து மேசையில் போட்டார். குதிக்கலை. ஒரு வார்த்தை பேசாம மொத்தத்தையும் ஒதுக்கி வச்சார்.

சைவமும் சந்தேகமும்

எல்லாம் சரி, ஆனா இதைப் படிக்கிறவங்களில் பன்றி சாப்பிடாதவங்க நிறைய பேர் இருப்பீங்க, அதனால சொல்றேன். புக்கிட் மேராவில் நமக்கு முன்னாடி நின்ன அக்கா "நோ போர்க், ஃபிஷ்பால் ஒன்லி" சொன்னாங்க. கடைக்காரர் தலையாட்டி, கொத்துக்கறியை விட்டுட்டு, அதே கையால் வெள்ளைக் கொழுப்பு ஒரு கரண்டி கிண்ணத்தில் விட்டார். அவர் ஏமாத்தலை. அவர் கணக்கில் போர்க்னா கறி, கொழுப்பு எண்ணெய் மாதிரி.

மீன் உருண்டை மீயில் பன்றி ஒளிஞ்சிருக்கிற இடங்கள் இவ்வளவு. ஒண்ணு, கிண்ணத்து அடியில் விடுற கொழுப்பு. அடுத்து சம்பால்: வரமிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, காய்ந்த இறால் எல்லாமே அந்தக் கொழுப்பிலேயே வதங்கியிருக்கலாம். சூப் பெரும்பாலும் பன்றி எலும்பு, கூட சோயா மொச்சை, நெத்திலிக் கருவாடு. மேலே தூவுற மொறுமொறு கட்டிகள் வெங்காயம் இல்லை, கொழுப்பு உருக்கின மிச்சம். ஹெர் கியாவ்னு வர்ற மீன்மாவுக் கொழுக்கட்டைக்குத் தோல்தான் மீன், உள்ளே பன்றிக்கறி. கடைசியா, எல்லாத்துக்கும் ஒரே கம்பிக்கூடை. ஆகவே "நோ போர்க்" போதாது. "நோ லார்ட்" தனியாச் சொல்லணும், சொன்னாலும் சூப் மாறாது. முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) தர்ற ஹலால் சான்று ஒட்டின கடையில் இந்தத் தலைவலி இல்லை. சைவம்னா சீனச் சைவக் கடைதான் வழி. அங்கே கறி மாதிரி இருக்கிறது சோயாவும் கோதுமைப் புரதமும். ஆனா மீயில் முட்டை உண்டான்னு தனியாக் கேளுங்க, மஞ்சளா இருக்கிற மீ எல்லாத்திலும் முட்டை இருக்கும்னும் இல்லை, இருக்காதுன்னும் இல்லை. அப்புறம் மீன் சாஸ்...

கறுப்பு வினிகர்

இதை யார் கேட்டா?

நோம்பென் வழி

சண்டைக்கு வரலை, ஆனா மீ போக்கை மட்டும் தியோச்சியூன்னு பேசினா பாதிக் கதை விட்டுப்போகுது. அவங்க சொந்தச் சரக்கு குவே தியாவ். குவேன்னா அரிசிமாவுப் பண்டம், தியாவ்னா கீற்று. கம்போடியாவின் நோம்பென்னில் காலை ஆறரைக்குத் தள்ளுவண்டிக்காரம்மா "குய் தியவ்"னு கூவினாங்க. சிங்கப்பூரில் கேட்ட அதே சொல், ராகம் மட்டும் வேற. பாங்காக்கில் குவாய்தியாவ், சைகோனில் ஹூ தியூ. சைகோன் கடைகளில் 'ஹூ தியூ நாம் வாங்'னு எழுதியிருக்கும். நாம் வாங்னா வியட்நாமியர் வாயில் நோம்பென். சௌசோவிலிருந்து கப்பலேறினவங்க போன துறைமுகமெல்லாம் இந்தச் சொல் இறங்கியிருக்கு. அந்த அம்மாவும் உலர்ந்ததா, சூப்போடவான்னுதான் கேட்டாங்க. உலர்ந்தது கேட்டா சூப் தனிக் கிண்ணத்தில். நம்ம 'தா' அங்கேயும் உண்டு.

பச்சைக் குவே தியாவை மீ மாதிரி ஆட்டினா கெட்டது. ஆவியில் ஏற்கெனவே வெந்த சரக்கு அது. 5 முதல் 8 விநாடி, அவ்வளவுதான். பத்தைத் தாண்டினா துண்டு துண்டா உடைஞ்சு அண்டாவில் மிதக்கும். குளிர்பெட்டியில் வச்சது விறைச்சு ஒடியும், முதல்ல வெதுவெதுப்பான தண்ணியில் பிரிச்சுக்கணும். குவே சாப் கடையில் இதே மாவு உள்ளங்கை அகலத்துக்கு வரும், கூடவே சோயாவில் கொதிச்ச குடல்.

நாக்குமீன் கருவாடு

வினிகர் அண்ணே, உங்க அளவில் தீ போ எங்கே? அந்த நாக்கு மீன் கருவாடு இல்லாத பாக் சோர் மீயை (பன்றிக் கொத்துக்கறி மீ) மூக்காலேயே கண்டுபிடிச்சிடலாம். நடுமுள்ளை எடுத்து, சின்னத் தீயில் பிஸ்கட் நிறம் வரைக்கும்தான் பொரிக்கணும். அடுப்பை விட்டு எடுத்த பிறகும் கறுக்கும், அதனால ஒரு நிறம் முன்னாடியே எடுக்கணும். கிராஃபோர்ட் லேனில், 2016இல் மிஷலின் நட்சத்திரம் வாங்கின கடையில், அந்தத் துண்டு மேலேயே நிக்கும். பெடோக் 85 உணவங்காடியில் சூப்போடு வர்ற மீ கியாவில் (மெல்லிசு மீ) ருசி வேற பாதை, இரண்டையும் ஒப்பிடுறது வீண்.

மனசில் நிக்கிறது ஈரல். மூணு மில்லிமீட்டர் தடிமன், கொதி சூப்பில் போட்டு, அடங்கின தீயில், நடுவில் சிவப்பு மறையிற வரைக்கும் மட்டும். ஒரு கடையில் அங்கிள் ஃபோன் எடுத்தார். அரை நிமிஷப் பேச்சு. ஈரல் ரம்பத்தூள் ஆயிடுச்சு. அவரே அதைக் குப்பையில் தட்டிட்டு, வேற அறுத்துப் போட்டார்.

தேக்கா வாசி

இன்னிக்கு மத்தியானம் அதே கடை. அங்கிள் பின்னாடி முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பையன் முக்கினான், மூணு விநாடி, சரியா. வினிகர் சொன்னதுக்காக அண்டாவையும் எட்டிப் பார்த்தேன். அது தெளிவு. வாளித் தண்ணிதான் மோர் மாதிரி வெளுத்திருந்தது.