மதுரை தங்கம் தியேட்டர்: உங்கள் மனதை விட்டு அகலாத ஒரு காட்சியைப் பகிருங்கள்

மேலமாசி வீதிக்காரன்

மகள் திருமணத்துக்குப் பட்டு எடுக்க மேலப்பெருமாள் மேஸ்திரி வீதிக்குப் போயிருந்தோம். தங்கம் நின்ற இடத்தில் இப்போது துணிக்கடை இருப்பது ஊருக்கே தெரியும், எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் வீட்டுப் பெண்கள் புடவைகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், திரை எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று ஒரு கேள்வி எழுந்தது. அதன் பிறகு எந்தப் புடவையிலும் என் மனம் நிற்கவில்லை.

1952 தீபாவளியன்று, அக்டோபர் 17ஆம் தேதி, ‘பராசக்தி’யுடன் அந்தத் தியேட்டர் திறக்கப்பட்டபோது முதல் நாளே பார்த்தவர் என் தாத்தா. சிவாஜி கணேசனுக்கும் அதுதான் முதல் படம், கட்டடத்துக்கும் அதுதான் முதல் படம் என்று அவர் சொல்லும்போது, இரண்டையும் தானே பெற்று வளர்த்ததுபோல் முகம் மலரும். அவர் கையைப் பிடித்துக்கொண்டு எழுபதுகளில் நானும் அங்கே பல படங்கள் பார்த்திருக்கிறேன்.

துணி மடித்துக்கொண்டிருந்த பையனிடம், “தம்பி, தங்கத்தில் திரை எந்தப் பக்கம் இருந்தது என்று இங்கே யாருக்காவது தெரியுமா?” என்று கேட்டேன். அவன் மிகுந்த மரியாதையோடு, “தங்கம் இங்கே கிடையாது சார், நகைக்கடைக்குத் தெற்காவணி மூல வீதிக்குப் போகணும்” என்றான். அவன்மேல் தவறே இல்லை. இருபது வயதுகூட நிரம்பாத பிள்ளை. இருந்தாலும் அந்த ஒரு வரி மூன்று மாதமாக என்னைத் தூங்கவிடவில்லை.

கேபின் வீட்டுப் பிள்ளை

என் மாமா அங்கே ஆபரேட்டராக இருந்தார். அறுபதுகளின் இறுதியில் அவருக்குச் சாப்பாட்டுத் தூக்கு எடுத்துக்கொண்டு போவது என் வேலை. கேபினுக்குள் எப்போதும் அனல் அடிக்கும். செம்பு பூசிய இரண்டு கார்பன் குச்சிகளின் நுனிகளுக்கு இடையே எரியும் வெளிச்சம்தான் படத்தைத் திரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. குச்சி எரிந்து குறையக் குறைய இடைவெளி அதிகமாகும், திரை மங்கும், உடனே கீழே விசில் பறக்கும். அதனால் மாமா ஒரு கையால் சாதத்தைப் பிசைந்துகொண்டே, இன்னொரு கையால் திருகைத் திருகிக் குச்சிகளை நெருக்கிவைப்பார். ரீல் முடியும் தறுவாயில் திரையின் மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும். அந்தக் கணத்தில் அடுத்த புரொஜெக்டருக்கு மாற்ற வேண்டும் என்பதால், பேச்சு எதுவானாலும் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்துவிடுவார்.

ஒரு நாள் என்னைத் தூக்கி, கண்ணாடித் துளை வழியாகக் கீழே பார்க்கச் சொன்னார். நான் படத்தைப் பார்க்கவில்லை. திரையின் வெளிச்சம் பட்டுப்பட்டு மறையும் தலைகளை மட்டுமே பார்த்தேன். முன்வரிசை எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. “இத்தனை பேருக்கும் சேர்த்து நான் ஒருத்தன்தான் முழிச்சிருக்கணும்டா” என்றார். எவ்வளவு பெரிய வாக்கியம் அது என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே உறைத்தது. வீட்டுக்கு வீடு டிவி வந்தது, எல்லாம் போயிற்று.

வைகைக்கரை வாசகர்

மேலே நண்பர் டிவியைக் காரணம் சொல்லி முடித்துவிட்டார். அதை நான் ஏற்கவில்லை. டிவி வந்த பிறகும் இதே ஊரில் எத்தனையோ தியேட்டர்கள் நன்றாக ஓடின. அப்படியிருக்க தங்கத்தை மட்டும் டிவி எப்படித் தனியாகத் தேடிவந்து கொன்றது?

அதன் கடைசிக் காலத்தில் ஒரு வார நாள் மதியக் காட்சிக்குப் போனேன். முழு அரங்கத்தில் நூறு பேர் இருந்தால் அதிகம். கதாநாயகன் பேசிய ஒவ்வொரு வசனமும் பின்சுவரில் மோதி மறுபடியும் என் காதுக்கு வந்தது. ஆட்கள் நிறைந்திருந்தால் உடம்பும் துணியும் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். காலி நாற்காலிகள் அதைச் செய்வதில்லை. நான் சிறுவனாக இருந்தபோது அதே இடத்தில் அத்தனை தெளிவாகக் கேட்ட குரல், அன்று கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுவதுபோல் இருந்தது. இடைவேளையோடு எழுந்து வந்துவிட்டேன். அப்படி வந்தது இன்றும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். 2,563 இருக்கைகள், நாளொன்றுக்கு 3 காட்சி என்றால் 7,689 பேர். ஆசியாவிலேயே பெரியது என்று நாம் மார்தட்டிக்கொண்டது இந்த எண்ணிக்கையை வைத்துத்தான். ஊரில் ஒரு படம் ஒரே தியேட்டரில் வெளியாகி, நூறு நாள் ஓடிய காலத்தில், இந்த அளவு அதற்குப் பலமாக இருந்தது. சுற்று வட்டாரக் கிராமத்து மக்களும் அங்கேதான் வந்தாக வேண்டும். ஒரே படத்தை நாலைந்து இடங்களில் ஒரே நாளில் போடத் தொடங்கியதும் கூட்டம் பிரிந்துவிட்டது. முந்நூறு பேர் வந்தால் 600 இருக்கை கொண்ட தியேட்டர் பாதி நிறைந்திருக்கும், தங்கமோ பொட்டல்காடாகத் தெரியும். மின்விசிறிகளும் விளக்குகளும் ஊழியர்களும் மட்டும் அதே எண்ணிக்கையில் இருந்தாக வேண்டும். போதாக்குறைக்கு, நகரத்தின் நடுவில் உள்ள அந்த மண்ணின் விலை, எந்த டிக்கெட் வசூலும் எட்டிப்பிடிக்க முடியாத உயரத்துக்குப் போய்விட்டது. எந்தப் பெருமையைச் சொல்லித் தங்கத்தைக் கொண்டாடினோமோ, அந்தப் பெருமையே அதற்குப் பாரமாகிவிட்டது.

பாட்டுப் புத்தகம்

கர்ப்பிணியாக இருந்த என் அம்மாவுக்குப் பெண்கள் வரிசையில் மயக்கம் வந்து, முன்பின் தெரியாத ஓர் ஆச்சி தன் வெற்றிலைப் பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து முகரக் கொடுத்ததாக அம்மா சொல்லுவார். அந்த வயிற்றில் இருந்தது நான்.

சொல்ல வந்தது வேறு. உங்கள் வீடுகளில் பழைய டிக்கெட்டோ, நோட்டீஸோ, பாட்டுப் புத்தகமோ இருந்தால், தயவுசெய்து அவற்றைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுவைக்காதீர்கள். ஈரம் உள்ளேயே தங்கி, தாள் ஒட்டிக்கொள்ளும். செல்லோடேப்பும் ஒட்டாதீர்கள், சில ஆண்டுகளில் பசை பழுப்பேறி எழுத்தைத் தின்றுவிடும். எந்த ஆண்டு, எந்தக் காட்சி, யார் உடன் வந்தார்கள் என்பதைத் தனித்தாளில் பென்சிலால் எழுதி உடன் வையுங்கள். வீட்டில் வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் பழைய பேப்பர்க்காரரிடம் எடை போட்டுவிடாமல், சென்னையில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களைக் கேட்டுப்பாருங்கள். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்து வைத்த அச்சுப் பொருள்களிலிருந்து வளர்ந்த நூலகம் அது. எல்லாவற்றுக்கும் மேலாக, எண்பது வயதைக் கடந்தவர்கள் வீட்டில் இருந்தால், இன்றைக்கே கைப்பேசியை அவர்கள் முன் வைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். “படம் எப்படி இருந்தது” என்று கேட்டால் “நல்லா இருந்தது” என்பதோடு முடிந்துவிடும். எந்த வழியாக நடந்து போனீர்கள், என்ன வாங்கித் தின்றீர்கள், திரும்பும்போது மணி என்ன என்று கேளுங்கள், தானாக வரும்.

மேலமாசி வீதிக்காரன்

மேலே சொன்னபடியே என் பெரியம்மாவிடம் கேட்டேன். தங்கம் திறந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. திரை எந்தப் பக்கம் இருந்தது என்பது அவருக்கும் நினைவில்லை. ஆனால் ஒன்று சொன்னார். தாத்தா தீபாவளியன்று போனது உண்மைதானாம். காலையிலேயே எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது வேட்டி கட்டிக்கொண்டு போனவர், மாலையில் தோள்பட்டை கிழிந்த சட்டையோடு டிக்கெட் கிடைக்காமல் திரும்பி வந்தாராம். மூன்றாம் நாள்தான் படம் பார்த்தாராம். “அதை உங்க தாத்தா யாருகிட்டயும் சொல்ல மாட்டாரு, நீயும் எழுதிறாத” என்றார்.

அந்தச் சட்டையைத் தைத்துக் கொடுத்தது பெரியம்மாதான்.